சராசரி மனிதனும் சட்டமும்: ஓட்டிசமுடையோரின் தொழிலுரிமை பற்றிய சில குறிப்புகள்

ஒரு சமுதாயம் எவரை ‘வேலைக்கு உதவாதவர்’ என ஒதுக்குகின்றது என்பதை ஆராய்ந்தால், அச்சமுதாயம் மனித உழைப்பை எவ்வாறு அளக்கின்றது என்பதையும் அறிந்துகொள்ளலாம். ஓட்டிசமுடையோருக்குத் தொழிலிடத்தில் இழைக்கப்படும் பாரபட்சத்துக்கு எதிராகச் சட்டம் எத்தகைய பாதுகாப்பை வழங்குகின்றது என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, சட்டத்துறையினருக்கும் மருத்துவத்துறையினருக்கும் மட்டுமே உரியதாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வினாவினுள்ளே சொற்களின் வரலாறும், உற்பத்தி உறவுகளின் வரலாறும், சமத்துவம் என்னும் கோட்பாட்டின் வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. இலக்கியத்தையும் சமூகத்தையும் இணைத்து நோக்கும் ஆய்வுநெறியிற் பயின்ற நாம் இத்துறையுட் புகுவதற்கு அதுவே நியாயமாகும்.

இப்பிரச்சினையை ஓரிடத்தில் வைத்து நோக்குதல் பயன்தரும். யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் ஊடாகக் காரைநகர் செல்லும் வீதியில் அமைந்த சண்டிலிப்பாய், வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகத்தின் இருப்பிடமாகும். இங்கே ஓட்டிசமுடைய பிள்ளையொன்று பாடசாலையை முடித்து இருபது வயதை அடைகின்றது எனக் கொள்வோம். அவ்விளைஞருக்குத் தொழில் தரக்கூடிய வாயில்கள் எவை? பிரதேச செயலகம், பாடசாலை முதலிய அரச இடங்கள். வங்கிக் கிளை, தனியார் நிறுவனம் ஆகியன. வீதியோரக் கடைகள், தொழிற்கூடங்கள். இறுதியாக, குடும்பத்தின் தோட்டமும் வயலும். இவ்வாயில்கள் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சட்டம் நிற்கின்றது. சிலவற்றைச் சட்டம் எட்டுவதேயில்லை. எந்த வாயிலில் எந்தச் சட்டம், எந்த அளவுக்குக் காவல் நிற்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

‘ஓட்டிசம்’ என்ற சொல் ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்தது. சுவிற்சர்லாந்து மனநோய் மருத்துவரான ஓய்கன் புளொய்லர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு நோயின் குறியைச் சுட்டுவதற்காக அதனை ஆக்கினார். இன்று நாம் கருதும் பொருளுக்கு நெருக்கமான விவரணத்தை முதலில் தந்தோருள் சோவியத் மருத்துவரான குருனியா சுகரேவா முக்கியமானவர். ஆறு சிறுவரைப் பற்றிய அவரது ஆய்வு 1925 இல் உருசிய மொழியிலும் 1926 இல் ஜேர்மன் மொழியிலும் வெளிவந்தது. எனினும் 1943 இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் லியோ கனரின் பெயரும், 1944 இல் வியன்னாவிலிருந்து எழுதிய ஹான்ஸ் அஸ்பேர்கரின் பெயருமே நெடுங்காலம் பாடநூல்களில் நிலைத்தன.

அஸ்பேர்கரின் வரலாறு எமது பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. தம்மிடம் வந்த சிறுவருட் சிலர் சமூகத்துக்குப் பெரிதும் பயன்படுவர் எனப் பரிந்து எழுதிய அதே மருத்துவர், வேறு சில பிள்ளைகளை நாசிகளின் கொலைத்திட்டத்தில் பங்கேற்ற அம் ஸ்பீகல்குறுண்ட் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார் என்பதை 2018 இல் வெளியான ஹெர்விக் செக்கின் ஆய்வு ஆவணச் சான்றுகளுடன் எடுத்துக்காட்டியது. மனிதரைப் ‘பயனுள்ளோர்’, ‘பயனற்றோர்’ எனப் பிரிக்கும் அளவுகோல், பரிவின் மொழியிற் பேசும்பொழுதும் எத்துணைக் கொடியதாக மாறக்கூடும் என்பதற்கு இது வரலாறு தரும் எச்சரிக்கையாகும்.

ஓட்டிசம் இன்று ஒரு நோயாக அன்றி, பிறப்பிலிருந்து தொடரும் நரம்பு வளர்ச்சி வேறுபாடாகவே கொள்ளப்படுகின்றது. சமூகத் தொடர்பாடலில் வேறுபாடு, ஒழுங்கு மாறாத செயல்களில் நாட்டம், குறிப்பிட்ட பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன அதன் பொதுவான இயல்புகள். 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம், அதுகாறும் தனித்தனிப் பெயர்களால் வழங்கியவற்றை ஒரே நிறமாலையாக இணைத்தது. பேச்சே இல்லாதவரும், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும் இந்நிறமாலையினுள் அடங்குவர். உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுடையவர் என்பது 2021 ஆம் ஆண்டுக்குரியதாக உலக சுகாதார நிறுவனம் தரும் மதிப்பீடாகும்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர்கள் ஊன்றி நோக்கத்தக்கன. ‘மதியிறுக்கம்’ என்பது பரவலாக வழங்குகின்றது. தமிழ்நாட்டு அரச வழக்கிலே ‘புறவுலகச் சிந்தனையற்றோர்’ என்ற தொடரும் உண்டு. மின்விசிறியின் இரைச்சலையும் மேசைவிளக்கின் துடிப்பையும் ஏனையோரைக் காட்டிலும் கூர்மையாக உணர்ந்து அல்லலுறும் ஒருவரைப் புறவுலகச் சிந்தனையற்றவர் என்பது பொருந்துமா? சொல், பொருளைச் சுட்டுவதோடு அமையாது, பொருள் பற்றிய தீர்ப்பையும் தன்னுள் ஏந்தி வருகின்றது. அத்தீர்ப்பு அலுவலகப் படிவத்தில் ஏறும்பொழுது, படிவத்தை வாசிக்கும் அதிகாரியின் முடிவு பாதி எழுதப்பட்டுவிடுகின்றது. அங்கவீனர், வலதுகுறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் எனப் பொதுப்பெயர்கள் காலந்தோறும் மாறி வந்திருப்பினும், பெயர் மாற்றம் மாத்திரம் எவருக்கும் வேலை பெற்றுத்தந்ததில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

2. சராசரி உழைப்பாளி என்னும் கற்பனை

‘சராசரி மனிதன்’ என்ற கருத்தைப் புள்ளிவிவரவியலிற் புகுத்தியவர் பெல்ஜிய அறிஞர் கெத்தலே. 1835 இல் வெளியான அவரது நூல் அக்கருத்தைப் பரப்பியது. மூலதனத்தின் முதலாம் தொகுதியில் (1867), கூட்டுழைப்பைப் பற்றிய அத்தியாயத்திலே, கார்ல் மார்க்ஸ் இக்கருத்தை உற்பத்தியோடு பொருத்திக் காட்டினார். பலரை ஒருங்கே வேலைக்கு அமர்த்தும் முதலாளிக்குத் தனித்தனி உழைப்பாளரின் வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடுகின்றன. அவருக்கு வேண்டியது சராசரி உழைப்பே. இயந்திரமும் மணிக்கூடும் அந்தச் சராசரிக்கு ஏற்பவே அமைக்கப்படுகின்றன. அச்சராசரிக்கு அப்பாற்பட்ட உடலும் மனமும் ‘குறை’ எனப் பெயர் பெறுவது இதன் பின்னரே.

பிரித்தானியாவில் 1976 இல் உடலூனமுற்றோர் தாமே கூடி அமைத்த இயக்கமொன்று வெளியிட்ட ‘இயலாமை பற்றிய அடிப்படைக் கோட்பாடுகள்’ என்ற ஆவணம் இந்நோக்கை மேலும் வளர்த்தது. உடலிலுள்ள குறை வேறு, அக்குறையுடையோர் மீது சமுதாயம் சுமத்தும் இயலாமை வேறு என அது பகுத்துரைத்தது. அவ்வாவணத்தின் பின்னணியில் நின்றோருள் ஒருவரான விக் பின்கெல்ஸ்ரீன், தென்னாபிரிக்க இனவொதுக்கலுக்கு எதிராகப் போராடிச் சிறை சென்றவர். ஒடுக்குமுறையின் ஒரு வடிவத்தைக் கண்டவரே மற்றொரு வடிவத்தையும் இனங்கண்டார் என்பது தற்செயலன்று.

இக்கோட்பாட்டினை இயந்திர முறையிற் பிரயோகித்தல் தகாது. தொழிலிட ஒழுங்குகள் அனைத்தையும் திருத்திய பின்னரும் ஓட்டிசமுடையோருட் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் பிறர் துணை தேவைப்படும். சிலரால் கூலிவேலை செய்ய இயலாது. எனவே ஒருவரின் வாழ்வுரிமையை அவரது உழைப்புத் திறனோடு பிணைக்கும் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ‘அவர்களும் இலாபந்தருவர்’ என்று தொழில்தருநரை நயந்து வேண்டுவது, ஓட்டிசமுடையோர் அனைவரும் கணக்கில் வல்லவர் என்ற திரைப்படக் கற்பனையோடு சேர்ந்து, வல்லமை காட்ட இயலாதவரை மீண்டும் புறந்தள்ளுவதிலேயே முடியும். உரிமை வேறு, சலுகை வேறு.

யாழ்ப்பாணச் சூழலில் இப்பிரச்சினை தனித்தன்மை வாய்ந்தது. குடியேற்ற ஆட்சிக்காலந்தொட்டு ‘உத்தியோகம்’ என்பது இங்கே வெறும் பிழைப்பாக அன்றி, குடும்பத்தின் மதிப்பாகவும் சீதனப் பேச்சின் அடிப்படையாகவும் விளங்கி வந்துள்ளது. உத்தியோகத்தின் வாயிலிலே நேர்முகப் பரீட்சை நிற்கின்றது. கண்ணை நோக்கிப் பேசல், கேட்ட வினாவின் உட்கிடையை ஊகித்தல், பணிவும் துணிவும் அளவாகக் கலந்த தொனி ஆகியன அங்கே அளக்கப்படுகின்றன. கணக்குப் பதிவேட்டைப் பிழையறப் பேணக்கூடிய ஒருவர், பதிவேட்டைக் காண்பதற்கு முன்னரே இவ்வாயிலில் தடுக்கப்படுகின்றார்.

மறுபுறம், குடும்ப உற்பத்தி இத்தகையோரை உள்ளே ஏற்றுக்கொண்டது என்பதும் உண்மையே. வெங்காயம் கட்டுவதும், புகையிலை கோப்பதும், மாட்டைப் பேணுவதும் ஒழுங்கு மாறாத வேலைகள். அவற்றைச் செய்தவர் ‘ஒரு மாதிரி’ எனப்பட்டாரேனும் வேலையற்றவராக இருந்தாரில்லை. ஆனால் இதனைப் பொற்காலமாகக் காண்பது தவறு. அவ்வுழைப்புக்குக் கூலி இல்லை. காணியில் உரிமையும் பெரும்பாலும் இல்லை. தாய் தந்தையர் மறைந்தபின் அவர் நிலை சகோதரரின் மனப்பாங்கைப் பொறுத்ததாயிற்று. தங்கையின் திருமணப் பேச்சு வரும்பொழுது அவர் பின்னறைக்கு அனுப்பப்பட்டார். குடும்பத்தின் அன்பும் குடும்பத்தின் ஒடுக்குமுறையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன.

3. இலங்கைச் சட்டத்தின் எல்லை

முதலில் அரச வாயிலை நோக்குவோம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என விதிக்கின்றது. இப்பட்டியலில் இயலாமை இடம்பெறவில்லை. 12(4) ஆம் உறுப்புரையிலேதான் அது வருகின்றது: பெண்கள், பிள்ளைகள், இயலாமையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கென அரசு விசேட ஏற்பாடுகள் செய்வதற்குத் தடையில்லை என அது கூறுகின்றது. அதாவது, அரசு விரும்பினால் உதவலாம். உதவியே ஆகவேண்டும் என்ற கட்டளை அங்கில்லை. மேலும், அடிப்படை உரிமை மீறலுக்காக 126 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவோர் ஒரு மாத காலத்துள் நாடல் வேண்டும். மீறலும் அரச நிருவாகத்தின் செயலாக இருத்தல் வேண்டும். தனியார் கடையோ நிறுவனமோ இவ்வெல்லையினுள் வாராது.

அரச வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை 1988 இல் வெளியிடப்பட்ட 27/88 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றுநிருபம் குறிப்பிடத்தக்கது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தை, தகைமையுடையவரும் கடமைக்கு இடையூறாகாத இயலாமையுடையவருமாகிய ஆட்களைக் கொண்டு நிரப்புதல் வேண்டும் என அது பணித்தது. இது பாராளுமன்றச் சட்டமன்று. மீறிய திணைக்களத்துக்குத் தண்டனையேதும் அதிலில்லை. ‘கடமைக்கு இடையூறாகாத’ என்ற நிபந்தனையும் ஊன்றி நோக்கத்தக்கது. கடமையின் அமைப்பு மாறாதது, மனிதனே அதற்குப் பொருந்தவேண்டியவன் என்ற எண்ணம் அதனுள் உறைந்துள்ளது.

இனி, இத்துறையின் மூலச் சட்டமாகக் கொள்ளப்படும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலதுகுறைந்த ஆட்களின் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். இயலாமையுடையோருக்கான தேசிய சபையை நிறுவிய இச்சட்டத்தின் 23 ஆம் பிரிவு, எந்தவொரு தொழிலுக்கோ பதவிக்கோ ஆட்சேர்ப்புச் செய்வதிலும், கல்வி நிறுவனத்தில் அனுமதி வழங்குவதிலும் இயலாமையின் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது எனத் தெளிவாகக் கூறுகின்றது. அரசு, தனியார் என்ற வேறுபாட்டை இப்பிரிவு செய்யவில்லை என்பது அதன் சிறப்பு. மீறல் நிகழுமிடத்து 24 ஆம் பிரிவின்கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச்செய்து நிவாரணம் கோரலாம். ஆகவே எமது எடுத்துக்காட்டில் வரும் சண்டிலிப்பாய் இளைஞர், ஓட்டிசத்தின் காரணமாக மட்டுமே வங்கியொன்றால் விலக்கப்பட்டாராயின், அவர் செல்லக்கூடிய நீதிமன்றம் ஒன்று உண்டு.

ஆயினும் இச்சட்டத்தில் மூன்று பெரும் இடைவெளிகளைக் காண்கிறோம்.

முதலாவது, வரைவிலக்கணம். உடல் அல்லது உள ஆற்றலிலுள்ள குறைபாட்டின் விளைவாக, வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவுசெய்துகொள்ள இயலாதவரே சட்டத்தின் கண்ணில் இயலாமையுடையவர். இங்கு எழும் முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். தாமே உடுத்து, தாமே பேருந்தேறி, தாமே வேலை செய்யக்கூடிய ஓட்டிசமுடைய ஒருவர், ‘நான் வேலைக்குத் தகுதியானவன்’ என நிறுவினால், ‘அப்படியாயின் நீர் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவரல்லர்’ என எதிர்த்தரப்புக் கூறலாம். ‘நான் இயலாதவன்’ என நிறுவினால், ‘அப்படியாயின் நீர் வேலைக்கு உரியவரல்லர்’ எனலாம். உரிமை கோருபவர் தம்மை இழிவுபடுத்திக்கொண்டே உரிமையின் வாசலுக்கு வரவேண்டியுள்ளது.

இரண்டாவது, எல்லை. பிரிவு பேசுவது ஆட்சேர்ப்பைப் பற்றியே. வேலை கிடைத்தபின் பதவியுயர்வு மறுக்கப்படல், பயிற்சியிலிருந்து விலக்கப்படல், சக ஊழியரின் ஏளனத்துக்கு ஆளாதல், ‘ஒத்துப்போகாதவர்’ என நீக்கப்படல் ஆகியவற்றை அது பெயர் சுட்டிக் குறிக்கவில்லை. ஓட்டிசமுடையோர் பெரும்பாலும் இடர்ப்படுவது இப்பிற்கட்டத்திலேயே. மூன்றாவது, தொழிலிடத்தை மாற்றியமைக்கும் கடமை தொழில்தருநருக்கு விதிக்கப்படவில்லை. இதனை அடுத்துத் தனியாக நோக்குவோம்.

வேலைநீக்கத்தைப் பொறுத்தவரை, இயலாமைச் சட்டத்தைக் காட்டிலும் பழைய தொழிற்சட்டங்களே வலுவுடையன என்பது வியப்புக்குரியது. தொழிற்சங்கப் போராட்டங்களின் விளைச்சல் அவை. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957 இற் செய்யப்பட்ட திருத்தத்தால் தொழில் நியாயசபைகள் உருவாகின. நீக்கப்பட்ட தொழிலாளி தாமே அங்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் எழுத்தை மட்டுமன்றி, நீதியும் ஒப்புரவுமானது எதுவோ அதனைக் கருதி நியாயசபை கட்டளையிடலாம். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளரை உடைய தொழில்தருநர், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதாயின் அவரது எழுத்து மூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ பெறுதல் வேண்டும். ஆனால் சண்டிலிப்பாய்ச் சந்தியிலுள்ள கடைகளுட் பதினைந்து பேரை வைத்திருப்பவை எத்தனை? குடும்பத் தோட்டத்தில் ‘தொழில்தருநர்’ யார்? தந்தையே தொழில்தருநராகும் இடத்திற் சட்டம் மௌனமாகிவிடுகின்றது.

4. சமமான அளவுகோலின் சமனின்மை

2006 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய சமவாயத்தில் இலங்கை 2007 இல் ஒப்பமிட்டு, 2016 இல் அதனை உறுதிப்படுத்தியது. இச்சமவாயத்தின் 27 ஆம் உறுப்புரை, ஆட்சேர்ப்பு முதல் பதவியுயர்வு, தொழில் நீடிப்பு, பாதுகாப்பான பணிநிலைமைகள் ஈறாகத் தொழிலின் எல்லாக் கட்டங்களிலும் பாரபட்சத்தைத் தடைசெய்கின்றது. அதனிலும் முக்கியமானது, ‘நியாயமான இசைவாக்கம்’ என்னும் கருத்தாகும். தொழில்தருநருக்கு அளவிறந்த சுமையாகாத வகையில், குறிப்பிட்ட ஒருவருக்கு வேண்டிய மாற்றத்தைச் செய்து கொடுத்தல் கடமை. அதனை மறுப்பதே பாரபட்சம். ஆனால் இலங்கையில் ஒரு சமவாயம் உறுதிப்படுத்தப்படுவதனால் மட்டும் நாட்டின் நீதிமன்றங்களில் நேரே அமுலாவதில்லை. பாராளுமன்றம் அதனைச் சட்டமாக்குதல் வேண்டும். சமவாயத்துக்குப் பத்தாண்டு முந்திய 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்கருத்துக்கு இடமில்லை.

இசைவாக்கம் என்பது நடைமுறையில் யாது? ஓட்டிசமுடையோரைப் பொறுத்தவரை, சரிவுப்பாதையோ மின்தூக்கியோ போலப் பெருஞ்செலவு பிடிக்கும் கட்டடவேலை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வாய்மொழிக் கட்டளைக்குப் பதிலாக எழுத்துமூலக் கட்டளை, இரைச்சல் குறைந்த இருக்கை, வேலைநேர மாற்றத்தை முன்கூட்டி அறிவித்தல், நேர்முகப் பரீட்சைக்குப் பதிலாக வேலையையே செய்து காட்டும் பரீட்சை, ஒரு பொறுப்பாளரை மட்டும் அணுகும் ஒழுங்கு என்பன போதியனவாகலாம். செலவு சிறிது, மாறவேண்டியது அதிகாரத்தின் பழக்கம். அதனாலேதான் அது கடினமாகின்றது.

பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கொன்று இதனை விளக்கும். அரச சட்டச் சேவையிற் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஓட்டிசமுடைய ஒருவர், பல விடைகளுள் ஒன்றைத் தெரியும் இணையவழிப் பரீட்சை தம் இயல்புக்குப் பொருந்தாது எனவும், தம் விடைகளைச் சுருக்கமாக எழுதித்தர அனுமதிக்குமாறும் வேண்டினார். அது மறுக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே பரீட்சை என்பதே மறுத்தோரின் வாதம். அப்பரீட்சை அவரைப் பாதகத்துக்கு உள்ளாக்கியது எனவும், எழுத்துமூல விடைக்கு இடமளித்திருத்தல் வேண்டும் எனவும் 2017 இல் தொழில் மேன்முறையீட்டு நியாயசபை தீர்ப்பளித்தது.

இந்தியாவில் 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஓட்டிசம் இருக்கவில்லை. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016 ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் இருபத்தொரு வகை இயலாமைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. அரச நிறுவனங்களில் 4 சதவீத ஒதுக்கீடும், அதனுள் ஓட்டிசம், அறிவுத்திறன் வளர்ச்சிக் குறை, கற்றற் குறைபாடு, மனநோய் ஆகியவற்றையும் பல குறைகளை ஒருங்கே உடையோரையும் சேர்த்து 1 சதவீதமும் அச்சட்டத்தால் விதிக்கப்பட்டன. அரச நிறுவனங்களுக்கு இசைவாக்கம் கடமையாக்கப்பட்டது; தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையொன்றை வெளியிடல் வேண்டும். 2021 டிசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், மத்திய சேமக் காவற்படை அதிகாரி ஒருவரின் வழக்கில், உளநிலை இயலாமை ஓர் ஊழியரின் நடத்தைக்குக் காரணிகளுள் ஒன்றாயிருக்குமிடத்து, அந்நடத்தைக்காக ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாரபட்சமாகும் எனக் கூறியது. வழக்கு ஓட்டிசம் பற்றியதன்று. எனினும் ‘மேலதிகாரிக்கு மரியாதையின்றிப் பேசினார்’ என்ற குற்றச்சாட்டு ஓட்டிசமுடையோர் மீது எத்துணை எளிதாகச் சுமத்தப்படும் என்பதை எண்ணுமிடத்து, அத்தீர்ப்பின் பொருத்தம் புலனாகும்.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது சமத்துவமாகாதா? இவ்வினாவுக்கு மார்க்ஸ் 1875 இல் எழுதிய கோதா வேலைத்திட்ட விமர்சனத்திலே விடை உண்டு. சமமற்ற தனிமனிதரைச் சமமான அளவுகோலால் அளக்கும் உரிமை, உள்ளடக்கத்திற் சமனின்மைக்கான உரிமையாகவே முடியும் என்பது அவரது வாதம். ஒருவர் உடலாலோ உளத்தாலோ மற்றவரினும் வலியவராயிருக்க, உழைப்பை மட்டும் அளவாகக் கொள்ளும் சட்டம் இயற்கை வேறுபாட்டைச் சிறப்புரிமையாக மாற்றிவிடுகின்றது. நியாயமான இசைவாக்கம் என்பது, முதலாளித்துவச் சட்டத்தின் எல்லைக்குள்ளே அவ்வளவுகோலைச் சற்று வளைக்கும் முயற்சியாகும். ‘அளவிறந்த சுமை’ என்ற விதிவிலக்கு, அவ்வளைவு இலாபத்தின் எல்லையோடு நின்றுவிடுவதையும் காட்டுகின்றது. எல்லையை அறிந்துகொண்டே அதனை நாம் ஆதரித்தல் வேண்டும். எட்டுமணி நேர வேலைச் சட்டமும் முதலாளித்துவத்தை ஒழித்ததில்லை. ஆனால் தொழிலாளருக்கு மூச்சுவிட இடம் தந்தது.

5. உறங்கிய சட்டமும் விழித்த மக்களும்

இவ்விடத்தில் எமது மண்ணின் வரலாறொன்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவர் மீது ‘சமூகக் குறைபாடு’ சுமத்துவதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள சொல் ‘டிசபிலிற்றி’ என்பதாகும். 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே சொல்லே இடம்பெறுகின்றது. ஆயின் பொருளில் எத்துணை வேறுபாடு! முந்திய சட்டத்தில் இயலாமை என்பது பிறர் சுமத்துவது, சுமத்தியவனே குற்றவாளி. பிந்திய சட்டத்தில் அது பாதிக்கப்பட்டவரின் உடலிலும் மனத்திலும் உள்ள குறை. நாற்பதாண்டு முந்திய சட்டம் இவ்வொரு வகையில் முற்போக்கானது.

ஆனால் அந்த 1957 ஆம் ஆண்டுச் சட்டமும் நெடுங்காலம் ஏட்டிலேயே உறங்கியது. தேநீர்க் கடைகளும் கோயில்களும் மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், மாவிட்டபுரத்திலும் சண்டிலிப்பாய்க்கு அயலிலுள்ள சங்கானை நிச்சாமத்திலும் 1968 இல் நிகழ்ந்த போராட்டங்களுமே அச்சட்டத்துக்கு உயிரூட்டின. உயிர்ப்பலி கொடுத்தே ஒரு தேநீர்க் குவளையின் சமத்துவம் பெறப்பட்டது. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவல் அப்போராட்டக் காலத்தின் இலக்கியப் பதிவு. சட்டம் பாதுகாப்புக்கான கருவியே. அதனைக் கையிலெடுப்பதற்கு அமைப்பாகத் திரண்ட மக்கள் வேண்டும் என்பதே சங்கானை தரும் பாடம்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர் ஊராக வாழ்ந்தனர். ஒரே துயரை ஒருங்கே அறிந்தனர். ஓட்டிசமுடையோரோ குடும்பந்தோறும் ஒருவராகச் சிதறிக் கிடக்கின்றனர். உரிமை கோருவதற்கு முதலில் தம்மை வெளிப்படுத்தவேண்டும்; வெளிப்படுத்தினால் வேலையும் உடன்பிறந்தாரின் திருமணமும் கெடுமோ என்ற அச்சம் வாயைக் கட்டுகின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல், அறிதல், தன்னைப் பேணல், தொடர்பாடல் ஆகியவற்றில் இடர் உண்டெனக் கண்டது. ஓட்டிசத்துக்கு அதில் தனி நிரல் இல்லை. எண்ணப்படாதவர் கோரிக்கை எழுப்புவது அரிது.

6. வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். இயலாமைச் சட்டத்தின் வரைவிலக்கணம், தனிமனிதரின் குறையை விடுத்து, குறையும் சமூகத் தடையும் மோதுமிடத்தை அடிப்படையாகக் கொள்ளல் வேண்டும். பாதுகாப்பு ஆட்சேர்ப்போடு நில்லாது தொழிலின் எல்லாக் கட்டங்களையும் தழுவுதல் வேண்டும். இசைவாக்கத்தை மறுப்பது பாரபட்சமென அரசு, தனியார் என்ற பேதமின்றிச் சட்டம் கூறல் வேண்டும். சிறு கடைக்காரருக்கு அதனால் வரும் செலவைப் பொதுநிதி ஏற்றல் வேண்டும். சமுதாயத்தின் கடமையைச் சிறு உற்பத்தியாளர் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியன்று. செலவு மிகுந்த மேல் நீதிமன்றத்தோடு, தொழிலாளருக்குப் பழக்கமான தொழில் நியாயசபையும் இம்முறைப்பாடுகளைத் தமிழில் விசாரிக்கும் அதிகாரம் பெறல் வேண்டும். தம் நிலையை வெளிப்படுத்துவோரின் இரகசியம் காக்கப்படல் வேண்டும். வேலை செய்ய இயலாதோரின் வாழ்வு, தருமமாக அன்றி உரிமையாகப் பேணப்படல் வேண்டும். இவற்றுள் எதனையும் ஓட்டிசமுடையோரையும் அவர்தம் குடும்பத்தினரையும் கலந்துகொள்ளாது வரைதல் தகாது.

சட்டம் திருந்தும்வரை காத்திருத்தல் வேண்டுமென்பதில்லை. தொழிற்சங்கங்கள் தம் கூட்டு உடன்படிக்கைகளில் இசைவாக்கத்தை ஒரு விதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் உதவித்தொகைப் படிவத்தோடு 23 ஆம் பிரிவின் தமிழ்ச் சுருக்கத்தையும் பெற்றோர் கையிற் கொடுக்கலாம். அச்சுருக்கத்தை எளிய தமிழில் எழுதித்தருவது எம்போன்ற தமிழ்ச் சங்கங்கள் செய்யக்கூடிய வேலையே. பல்கலைக்கழகமும் ஒரு தொழில்தருநர் என்பதை மறத்தலாகாது. எமது நூலகங்களிலும் அலுவலகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் ஒழுங்கும் நுணுக்கமும் வேண்டும் பணிகள் பல உள. அப்பணிகளுக்கான அடுத்த நேர்முகப் பரீட்சையின் அழைப்புக் கடிதத்தில், ‘உமக்கு வேறு முறையிலான பரீட்சை தேவைப்படுமாயின் அறியத்தருக’ என ஒரு வரி சேர்ப்பதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை.